சத்தம் வராத டிபன் பாக்ஸ்... ரிச்சி ஸ்ட்ரீட்டில் அப்பாவோடு ஒரு நாள்!

கொடைரோட்டில் பாண்டியன் எக்ஸ்பிரஸ் ஏறியதிலிருந்து அப்பா அந்த மஞ்சப் பையை மடியை விட்டு இறக்கவே இல்லை. எதிர் சீட்டு அம்மா, பையின் வாய் வழியே தெரிந்த டிபன் பாக்ஸைப் பார்த்துவிட்டு, "புளியோதரையா?" என்று கேட்டார்.

"இல்லம்மா, பிரீ ஆம்ப்ளிஃபயர்" என்றார் அப்பா.

அதற்குப் பிறகு விடியும் வரை அந்த அம்மா எங்களோடு பேசவில்லை.

அது டிபன் பாக்ஸ்தான். நான் எட்டாம் வகுப்பு படிக்கும்போது பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோன அலுமினிய டப்பா. அதில் ஸ்விட்சுக்கு ஒரு ஓட்டை, லைட்டுக்கு ஒரு ஓட்டை, பக்கவாட்டில் ஒயர் செருக நாலு ஓட்டை போட்டு, உள்ளே ஒரு சர்க்யூட் போர்டை உட்காரவைத்திருந்தார் அப்பா. 73 வயதில், மூன்று வாரம் திண்ணையில் உட்கார்ந்து செய்த வேலை. ஸ்விட்சைப் போட்டால் சிவப்பு லைட் அழகாக எரியும். சத்தம் மட்டும் வராது.

இரண்டு நாள் நோண்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் டப்பாவைப் பரணில் தூக்கிப் போட்டுவிட்டு, "வயசாயிருச்சுத்தா. கை போயிருச்சு" என்றார். டப்பாவில் சத்தம் வராதது எனக்குப் பெரிதாகத் தெரியவில்லை. அந்தக் 'கை போயிருச்சு'தான் என்னைத் தூங்கவிடவில்லை.

சென்னையில் இன்ஜினீயரிங் படிக்கும் என் மகனிடம் போனில் சொன்னேன். "தாத்தாவைக் கூட்டிக்கிட்டு வாம்மா. ரிச்சி ஸ்ட்ரீட்டுக்குப் போவோம்" என்றான். பரணிலிருந்து டப்பா இறங்கியது அப்படித்தான்.

மைக் செட்டுக்காரர் வீடு

வத்தலக்குண்டில் எங்கள் வீட்டுக்கு 'மைக் செட்டுக்காரர் வீடு' என்றுதான் பெயர். தபால்காரர்கூட அப்படித்தான் கேட்டுக்கொண்டு வருவார். அம்மாவின் பெயரில் சவுண்ட் சர்வீஸ் வைத்திருந்தார் அப்பா. கல்யாணம், காதுகுத்து, மாரியம்மன் திருவிழா என்று சுற்றுப்பட்டுக் கிராமங்களுக்கெல்லாம் குழாய் ரேடியோ கட்டியவர். வேப்பமரத்து உச்சியில் குழாயைக் கட்டிவிட்டு இறங்கி வந்து, சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டை வைத்தால்தான் அந்த ஊருக்கு விசேஷம் தொடங்கியதாகக் கணக்கு.

எனக்கு எட்டு வயது இருக்கும்போது நடந்தது. பக்கத்துக் கிராமத்துத் திருவிழாவில் விடிய விடிய 'வள்ளி திருமணம்' நாடகம். நாரதருக்கும் வள்ளிக்கும் தர்க்கம் சூடு பிடித்த நேரத்தில் மைக் செத்துவிட்டது. கூட்டம் விசில் அடிக்கிறது. நாட்டாமை எழுந்து நிற்கிறார். அப்பா ஓடவில்லை. ஆம்ப்ளிஃபயர் பக்கம்கூடப் போகவில்லை. நேராக மரத்தடிக்குப் போய், குழாயிலிருந்து ஒயரைக் கையால் தடவிக்கொண்டே பின்னால் வந்தார். பாதி வழியில் யாரோ கால் இடறி ஒட்டுப் பிரிந்திருந்தது. முறுக்கிவிட்டார். நாரதர் விட்ட இடத்திலிருந்து தொடங்கினார்.

"சத்தம் வரலைன்னா பதறக் கூடாது. எங்க வரைக்கும் வந்துச்சு, எங்க செத்துச்சு. அது ரெண்டும்தான் கேள்வி" என்று அன்றைக்குச் சொன்னார். அப்படிப்பட்ட மனுஷன், தான் செய்த டப்பாவைப் பரணில் போட்டால் மகளுக்கு எப்படித் தூக்கம் வரும்?

எதற்கு இந்த டப்பா?

காரணம், என் மகன்தான். தாத்தாவிடம் இன்னும் நூற்றுக்கு மேல் இசைத்தட்டுகள் இருக்கின்றன. 70-களில் சரக்கு எடுக்க மெட்ராஸ் வரும்போதெல்லாம் மூர் மார்க்கெட்டில் தேடித் தேடி வாங்கியவை. அந்த மார்க்கெட் 1985-ல் எரிந்துபோனதை, சொந்த வீடு எரிந்தது மாதிரி இன்றைக்கும் சொல்வார். பாட்டுப் பெட்டி என்றைக்கோ பழுதாகிவிட்டதால் தட்டுகள் சும்மா கிடந்தன. பேரன் பகுதிநேர வேலை பார்த்துச் சேர்த்த காசில், பழைய டர்ன்டேபிள் ஒன்றை வாங்கி ஊருக்கு அனுப்பினான்.

வந்த பெட்டியில்தான் வில்லங்கம். அப்பாவின் பழைய பெட்டியில் இருந்தது கிரிஸ்டல் முள். அது தருகிற மின்சாரம் நேரே ஆம்ப்ளிஃபயருக்குப் போதும். புதிதாக வந்ததில் இருப்பது காந்த முள். தட்டின் பள்ளத்தில் ஓடும்போது அது தருவது சுமார் 5 மில்லிவோல்ட்தான். ஆம்ப்ளிஃபயர் காதில் விழ வேண்டுமானால் அதை ஏறத்தாழ நூறு மடங்கு பெருக்க வேண்டும்.

பெருக்கினால் மட்டும் போதாது. தட்டில் பதிக்கும்போதே கனத்த ஓசைகளைக் குறைத்தும் கீச்சுக் குரல்களைக் கூட்டியும்தான் பதிப்பார்கள். கனத்த ஓசையை அப்படியே பதித்தால் பள்ளம் அகலமாகி, தட்டில் இடம் பிடிக்கும். கேட்கும்போது குறைத்ததைக் கூட்டி, கூட்டியதைக் குறைக்க வேண்டும். அதற்கான கணக்கை 1954-ல் அமெரிக்க இசைத்தட்டு நிறுவனங்களின் சங்கம் ஒரே மாதிரியாக்கியது. இந்த இரண்டு வேலைகளையும் செய்வதுதான் பிரீ ஆம்ப்.

"கடையிலே வாங்கிரலாம் தாத்தா" என்றான் பேரன்.

"மைக் செட்டுக்காரன் வீட்டுல விலைக்கு வாங்குறதா?" என்றார் அப்பா. என் டிபன் பாக்ஸ் காணாமல்போனது அன்றைக்குத்தான்.

சின்னத் தறிப் பேட்டை

எழும்பூரில் இறங்கும்போது விடிந்தும் விடியாத நேரம். எதிர் பிளாட்பாரத்தில் வந்த இன்ஜின் லைட்டுக்கு அப்பா கையால் முகத்தை மறைத்துக்கொண்டார். "என்னமா அடிக்கிறான், டார்ச்சு மாதிரி" என்றார். ஒரு வருஷமாகவே இருட்டிய பிறகு அவர் வண்டி எடுப்பதில்லை. எதிர் வண்டி வெளிச்சம் பிடிக்கவில்லை என்பார். வயசு ஆச்சே என்று நானும் விட்டுவிட்டேன்.

திருவல்லிக்கேணியில் மகனின் அறையில் குளித்துவிட்டு, பத்தரை மணிக்கு மூன்று பேரும் நடந்தோம். வாலாஜா சாலை, அண்ணா சிலை, அப்புறம் அண்ணா சாலையைத் தாண்டினால் சிந்தாதிரிப்பேட்டை. மெட்ரோவில் வருகிறவர்கள் அரசினர் தோட்டம் ஸ்டேஷனில் இறங்கினால் நடந்துபோகும் தூரம்தான். கடைகள் திறக்கப் பத்து, பத்தரை ஆகிவிடும் என்பதால் அவசரப்பட்டு வர வேண்டாம். ஞாயிறும் வேண்டாம்.

சிந்தாதிரிப்பேட்டைக்கு ஒரு கதை உண்டு. 1734-ல் கிழக்கிந்திய கம்பெனியின் கவர்னராக இருந்த ஜார்ஜ் மார்ட்டன் பிட், கூவம் வளைந்து ஓடும் இந்த இடத்தில் நெசவாளர்களைக் குடியமர்த்தினார். சின்னத் தறிப் பேட்டை, பேச்சு வழக்கில் சிந்தாதிரிப்பேட்டை ஆனது. தறி ஓடிய பேட்டையின் ஓரத்தில் இன்றைக்கு ஒயர் ஓடுகிறது. ரிச்சி ஸ்ட்ரீட் என்று பேர் சொன்னாலும் அது ஒரு தெரு இல்லை. நரசிங்கபுரம் தெரு, சுற்றியுள்ள சந்துகள் எல்லாம் சேர்ந்ததுதான் ரிச்சி ஸ்ட்ரீட். டெல்லி நேரு பிளேஸுக்கு அடுத்த பெரிய எலெக்ட்ரானிக்ஸ் சந்தை இதுதான் என்பார்கள்.

தெருவுக்குள் நுழைந்ததுமே, "சார் லேப்டாப்பா? சிசிடிவியா? அக்கா, செல்போன் டிஸ்ப்ளேவா?" என்று இரண்டு பக்கமும் குரல். ஓர் ஆள் பக்கவாட்டில்தான் நுழைய முடியும் என்கிற அகலத்தில் கடைகள். மாலை மாலையாகத் தொங்கும் ஒயர்கள், நெல் மூட்டை மாதிரி அடுக்கிய அட்டைப்பெட்டிகள், கண்ணாடி டப்பாக்களில் கடுகும் மிளகுமாக உதிரிபாகங்கள். மளிகைக் கடையில் பொட்டலம் கட்டுவது மாதிரி, டிரான்சிஸ்டரை எண்ணிப் பொட்டலம் கட்டுகிறார்கள். தலையில் மானிட்டர் பெட்டியோடு ஒருவர் "ஓரம், ஓரம்" என்று வருகிறார். கல்லூரிப் பிள்ளைகள் கூட்டம் கூட்டமாக, கையில் பிராஜெக்ட் லிஸ்ட்டோடு. அப்பாவின் நடை எனக்கே தெரியாமல் வேகமாகிவிட்டது.

"முன்னாடியெல்லாம் ரேடியோ சாமான்தான். வால்வு, காயில், கண்டென்சர். அப்புறம் டிவி வந்துச்சு, டெக்கு வந்துச்சு, கம்ப்யூட்டர் வந்துச்சு. சரக்குதான் மாறுது. தெரு அப்படியே இருக்கு" என்றார். ஒரு கடை வாசலில் நின்று, சால்ட்ரிங் புகை வாசனையை இழுத்துவிட்டுக்கொண்டதைப் பேரன் பார்த்துச் சிரித்தான்.

"மாத்தாதீங்க, தேடுங்க"

முதல் கடையில் விஷயத்தைச் சொன்னோம். கவுன்ட்டரில் இருந்த பையன் யோசிக்கவே இல்லை. "ஐ.சி போயிருக்கும் பெரியவரே. 5532 ஒண்ணு மாத்திப் பாருங்க." அப்பா தலையாட்டிவிட்டு, "அப்படியே நூறு கே ரெசிஸ்டர் ஒரு பட்டை குடுப்பா. இந்தப் பச்சை உடம்போட வருமே, அது" என்றார். பையன் ஒரு நொடி அப்பாவைப் பார்த்துவிட்டு, ஒரு பட்டையைக் கிழித்துக் கொடுத்தான். நான் அதைக் கவனித்தேன். ஆனால் எதுவும் தோன்றவில்லை.

காசு கொடுக்கும்போது உள்ளே இருந்த பெரியவர், "எதுக்கும் மாடியில பாய்கிட்ட ஒரு தடவை காட்டிருங்க" என்றார்.

குறுகலான படி. மாடியில் ஒரு மேஜை மட்டும் பிடிக்கிற அளவுக்கு இடம். மேஜை விளக்கு, மீட்டர், ஒரு சின்ன ஸ்பீக்கர், ஒரு ஃபிளாஸ்க். அறுபத்தைந்து வயது இருக்கும் பாய்க்கு. அப்பா பையைப் பிரித்து டப்பாவை வைத்ததும், "பிரியாணியா?" என்று கேட்டார். ரயிலில் வராத சிரிப்பு அப்பாவுக்கு அங்கே வந்தது.

பாய் டப்பாவைத் திறந்து விளக்கடியில் பிடித்தார். "யார் வச்ச சால்டர்?"

"நான்தான்" என்றார் அப்பா, குற்றம் செய்தவர் மாதிரி.

"முத்து முத்தா வச்சிருக்கீங்க. இந்தக் காலத்துப் பசங்க அப்பி வைப்பானுங்க" என்றவர், அப்பா கையில் புது ஐ.சி இருப்பதைப் பார்த்தார். "அதை உள்ள வைங்க. சத்தம் வரலைன்னா மாத்தாதீங்க, தேடுங்க. தப்பு எங்கன்னு தெரியாம புதுசைப் போட்டா, அதுவும் செத்துப்போகும். அப்புறம் ரெண்டு பிணம்."

பிறகு அவர் செய்ததை நான் போனில் குறித்துக்கொண்டேன். உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளையோ பெரியவரோ இருந்தால் உதவும்.

முதலில் கேள்வி. ஊரில் உங்கள் ஆம்ப்ளிஃபயரில் நேராகப் போனைச் செருகிப் பார்த்தீர்களா? பார்த்தோம், பாட்டு வந்தது. அப்படியானால் ஆம்ப்ளிஃபயரும் ஸ்பீக்கரும் நல்லவை. ஒயரை மாற்றிப் பார்த்தீர்களா? பார்த்தோம். அப்படியானால் ஒயரும் நல்லது. லைட் எரிகிறதே? "அது பேட்டரி உயிரோட இருக்குன்னு மட்டும்தான் சொல்லுது. அதை நம்பாதீங்க."

அடுத்து, விரல். டப்பாவைத் தன் ஸ்பீக்கரோடு இணைத்தார். டப்பாவிலிருந்து வெளியே போகும் ஒயரின் நடுக் கம்பியை ஸ்க்ரூ டிரைவர் முனையால் தொட்டு, அந்த முனையில் விரலை வைத்தார். ஸ்பீக்கர் 'உர்ர்ர்' என்றது. நம்மைச் சுற்றியுள்ள கரன்ட் ஒயர்களின் இரைச்சலை நம் உடம்பு வாங்குகிறது. அந்த இரைச்சல்தான் உர். டப்பாவுக்குப் பின்னால் எல்லாம் சரி என்று அர்த்தம். அதே விரலை டப்பாவுக்குள் நுழையும் பக்கம் வைத்தார். மயான அமைதி. இந்த இரண்டு இடத்துக்கும் நடுவில்தான் செத்திருக்கிறது.

"இது பேட்டரியில ஓடுறதால தொடறேன். கரன்ட்ல ஓடுற ஆம்ப்ளிஃபயரைத் திறந்துவச்சுக்கிட்டு வீட்டுல யாரும் இந்த வேலை பண்ணாதீங்க" என்றார், என் மகனைப் பார்த்து.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. "லெஃப்ட்டு, ரைட்டு ரெண்டும் சேர்ந்து செத்திருக்கா?" ஆமாம் என்றார் அப்பா. "ஒரு பக்கம் மட்டும் செத்தா அந்தப் பக்கத்துல தேடலாம். ரெண்டும் ஒண்ணா படுத்தா, ரெண்டுக்கும் பொதுவான இடத்துலதான் கோளாறு." ஒரு வீட்டில் அண்ணன் தம்பி இரண்டு பேருக்கும் ஒரே நாளில் வயிற்றுப்போக்கு என்றால் சமையலறையைத்தானே பார்ப்போம்!

ஆயிரமும் லட்சமும்

மீட்டரை எடுத்தார் பாய். கறுப்பு முனை டப்பாவின் உடம்பில். சிவப்பு முனை ஐ.சி-யின் எட்டாம் காலில்: 8.9 வோல்ட். பேட்டரி வருகிறது. நாலாம் காலில்: 0. அதுவும் சரி. மூன்றாம் காலில் வைத்தபோது மீட்டர் 0.09 என்றது. பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, "வந்துருச்சு" என்றார்.

என் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்காகவே விளக்கினார். "ஊஞ்சல் தெரியும்ல, தங்கச்சி? சத்தமும் அப்படித்தான். மேலயும் போகணும், கீழயும் வரணும். நம்மகிட்ட இருக்கிறது ஒரே 9 வோல்ட் பேட்டரி. அதனால நடுவுல, நாலரை வோல்ட்டுல ஊஞ்சலைத் தொங்கவிடறோம். இங்க ஊஞ்சல் தரையில கிடக்கு. எப்படி ஆடும்?"

அந்த நாலரையைக் கொடுப்பவை இரண்டு ரெசிஸ்டர்கள். இரண்டும் சமமாக இருந்தால் வோல்ட் சரிபாதியாகப் பிரியும். அப்பாவின் வரைபடத்தில் இரண்டுமே நூறு கே, அதாவது ஒரு லட்சம் ஓம். பாய் கீழ் ரெசிஸ்டரைக் கழற்றி அளந்தார். ஒரு கே. வெறும் ஆயிரம்.

அப்பா மீட்டரை நம்பவில்லை. "நான் கலர் பார்த்துத்தான் வச்சேன்" என்றார். குரலில் கொஞ்சம் சூடு இருந்தது. நாற்பது வருஷம் ரெசிஸ்டர் வளையங்களைப் படித்தவர் அவர். கறுப்பு சைபர், பிரவுன் ஒன்று, சிவப்பு இரண்டு, ஆரஞ்சு மூன்று என்று எனக்கு வாய்ப்பாட்டுக்கு முன்னால் சொல்லிக் கொடுத்தவர்.

பாய் ஒன்றும் பேசவில்லை. ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். கழற்றிய ரெசிஸ்டரை அதில் வைத்தார். அப்பா அப்போதுதான் கீழே வாங்கிய பட்டையிலிருந்து ஒன்றை எடுத்துப் பக்கத்தில் வைத்தார். விளக்கை இழுத்துப் பிடித்தார்.

"பாருங்க ஐயா. ரெண்டும் ஒண்ணா?"

அப்பா குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஒண்ணுதானே" என்றார்.

நான் எட்டிப் பார்த்தேன். இரண்டிலும் ஐந்தைந்து வளையங்கள். நான்கு வளையங்கள் அச்சாக ஒன்றே. நாலாவது மட்டும் ஒன்றில் பிரவுன், இன்னொன்றில் ஆரஞ்சு. எனக்குப் பளிச்சென்று தெரிந்தது. என் மகன் வாயைத் திறந்தான், பிறகு மூடிக்கொண்டான். அந்தச் சின்ன அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்டது.

எதிர் வண்டி வெளிச்சம், இன்ஜின் லைட், 'பச்சை உடம்பு' ரெசிஸ்டர். தாளில் கிடந்த இரண்டின் உடம்பும் நல்ல நீல நிறம். ஒரு வருஷமாக என் கண் முன்னால் நடந்ததெல்லாம் எனக்கு அந்த ஒரு நிமிஷத்தில்தான் புரிந்தது. கண் பரிசோதனை முகாம் வந்தபோதெல்லாம், "ஊசியில நூல் கோக்குறேன், எனக்கென்ன?" என்று தட்டிக்கழித்தவர். நானும் வற்புறுத்தவில்லை.

பாய் ஃபிளாஸ்க்கிலிருந்து டீ ஊற்றி அப்பாவிடம் நீட்டினார்.

"எனக்கு ரெண்டு கண்ணும் புரை எடுத்தாச்சு ஐயா. அதுக்கு முன்னாடி ஆறு மாசம், மட்டமான சரக்கு தர்றீங்கன்னு கீழ் கடைக்காரரோட நான் போடாத சண்டை இல்ல. பிரவுனுங்கிறது என்ன, மங்கின ஆரஞ்சுதானே? கண்ணுல புரை விழுந்தா ரெண்டும் ஒண்ணாத்தான் தெரியும். போதாக்குறைக்கு இந்த நீல உடம்பு ரெசிஸ்டர் வேற. இளவட்டப் பசங்களே திணறுறாங்க. நான் இப்போ எதை வச்சாலும் மீட்டர்ல பார்த்துட்டுத்தான் வைப்பேன்."

அப்பா டீயைக் குடிக்காமல் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். "கை போயிருச்சுன்னு நினைச்சேன்" என்றார் மெதுவாக.

"கை அப்படியே இருக்கு. இந்தச் சால்டரைப் பார்த்தாலே தெரியுது. கண்ணைத்தான் துடைக்கணும்."

உர்ர்ர்...

புது ரெசிஸ்டரை பாய் வைக்கவில்லை. சால்ட்ரிங் அயர்னை அப்பாவிடம் கொடுத்தார். பேரன் மீட்டரில் அளந்து, "நூறு கே தாத்தா" என்று எடுத்துக் கொடுக்க, அப்பா வைத்தார். கை நடுங்கவில்லை. மற்ற ரெசிஸ்டர்களையும் ஒவ்வொன்றாக அளந்தார்கள். எல்லாம் சரியாக இருந்தன. ஊரில் ஆயிரத்தையும் லட்சத்தையும் ஒரே டப்பாவில் போட்டு வைத்திருந்ததுதான் வினை. மூன்றாம் காலில் இப்போது நாலரைக்குப் பக்கத்தில் காட்டியது. அப்பா விரலை வைத்தார்.

உர்ர்ர்ர்!

உலகத்தில் இதைவிட மோசமான சத்தம் இருக்க முடியாது. நாங்கள் நாலு பேரும் சிரித்தோம்.

பாய் ஐம்பது ரூபாய் வாங்கிக்கொண்டார். வாங்கிய ஐ.சி-யைக் கீழ் கடையில் திருப்பிக் கொடுத்துவிட்டு, சமோசாவும் ரோஸ் மில்க்கும் சாப்பிட்டோம். கழற்றிய அந்த ஒரு கே ரெசிஸ்டரைத் தாளில் மடித்து அப்பா சட்டைப் பையில் வைத்துக்கொண்டதை நான் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தேன்.

மறுநாள் வத்தலக்குண்டில், திண்ணையில் டர்ன்டேபிள். முள் இறங்கியது. பாட்டோடு சேர்ந்து பின்னணியில் ஓர் 'ஊம்' சத்தம். இந்த முறை அப்பா பதறவில்லை. டர்ன்டேபிளின் பின்னாலிருந்து தொங்கிய மெல்லிய தனி ஒயரை டிபன் பாக்ஸின் உடம்பில் ஒரு திருகாணிக்கு அடியில் கொடுத்து முறுக்கினார். எர்த் ஒயர். ஊம் அடங்கியது. 'திருவிளையாடல்' வசனத் தட்டில் தருமி புலம்பத் தொடங்கினார். பக்கத்து வீட்டு அத்தை அடுப்பை அணைத்துவிட்டு வந்து, எங்கள் படியில் உட்கார்ந்து கூடவே வசனம் சொன்னார். ஒரு காலத்தில் எங்கள் ஊருக்கே மனப்பாடம் அது.

தட்டு முடிந்ததும் அப்பா என்னைக் கூப்பிட்டார். "மதுரைக்கு என்னைக்குத்தா போகலாம்?"

நீலம்

மதுரைக்காரர்களுக்குக் கண் என்றால் அரவிந்த்தான். 1976-ல் டாக்டர் கோ.வெங்கடசாமி 11 படுக்கைகளோடு தொடங்கிய ஆஸ்பத்திரி. இரண்டு கண்ணிலும் புரை என்றார்கள். கண்ணின் லென்ஸ் மஞ்சள் படிந்து மங்கிப்போயிருந்தது. நீலமெல்லாம் பச்சையாகத் தெரிந்தது அதனால்தானாம். கொஞ்சம் கொஞ்சமாக மங்குவதால், மங்குவதே அவருக்குத் தெரியவில்லை. முதலில் வலது கண்ணில் ஆபரேஷன். பழைய லென்ஸை எடுத்துவிட்டுச் செயற்கை லென்ஸ் வைத்தார்கள்.

மறுநாள் கட்டைப் பிரித்ததும் என் முகத்தைப் பார்ப்பார், என் தலை நரைத்திருப்பதைப் பார்த்து ஏதாவது சொல்வார் என்று நினைத்துக்கொண்டு எதிரில் நின்றேன். அவர் சட்டைப் பையைத் தடவினார். மடித்த தாளைப் பிரித்து, அந்த ரெசிஸ்டரை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

வலது கண்ணை மூடிப் பார்த்தார். பிறகு இடது கண்ணை மூடிப் பார்த்தார். மறுபடி மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"நீலமாத்தா இது!" என்றார். "இந்தக் கண்ணுக்குப் பச்சை. இந்தக் கண்ணுக்கு நீலம். நாலாவது வளையம் பிரவுனுதான். பாய் சொன்னது சரி."

பக்கத்துக் கட்டிலில் இருந்தவர் ஒன்றும் புரியாமல் எங்களைப் பார்த்தார். அப்பா ரெசிஸ்டரைப் பத்திரமாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"நர்ஸம்மாகிட்ட கேளு. அடுத்த கண்ணு எப்பன்னு."